துரை வண்டியின் மூட்டுவலி

சாம்ராஜின் காரைச் சாம்ராஜைத் தவிர வேறு யாராலும் ஓட்ட முடியாது. இதைச் சொன்னது சாம்ராஜ்தான். தங்கச் சுரங்கத்துப் பாலகாட் லைன் வீடுகளில் இதைக் கேட்காத காது ஒன்றும் பாக்கியில்லை. 1938ஆம் வருடத்து இங்கிலீஷ் கார் அது. சுரங்கத்தில் பெரிய பதவியில் இருந்த ஒரு துரை, ஊருக்குக் கப்பல் ஏறும்போது அதைச் சாம்ராஜின் அப்பா தலையில் கட்டிவிட்டுப் போனார். அப்பா போகும்போது சாம்ராஜின் தலையில் கட்டினார். சாம்ராஜ் அதைக் கிரீடம் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தக் கிரீடத்தை ஓட்டுவதற்கென்று ஒரு வித்தை இருந்தது. ஆக்ஸிலேட்டரைப் பாதி வரை மிதித்தால் ஒன்றும் நடக்காது. முக்கால் வரை மிதித்தாலும் நடக்காது. அதற்கும் மேலே ஓங்கி ஒரு மிதி மிதித்தால் வண்டி திடீரென்று விழித்துக்கொண்டு பாயும். பாய்வதற்குள் கால் கட்டைவிரலைப் பெடலுக்கு அடியில் கொடுத்து லேசாக மேலே தூக்க வேண்டும். ஒரு கணம் தாமதித்தாலும் முன்னால் போகிறவர் பாடு அதோகதிதான். இதற்காகவே சாம்ராஜ் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவார். "இன்னா செய்யறது, துரை கால் பழகுன வண்டி. அதுக்கப்புறம் என் கால்தான் அதுக்குத் தெரியும்" என்பார்.

இது போதாதென்று இன்னொரு கூத்தும் உண்டு. சாம்ராஜ் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவர். ஆட்களை ஏற்றிய இரும்புக் கூண்டைப் பூமிக்குள் ஆயிரக்கணக்கான அடி இறக்குவதும் ஏற்றுவதும் அவர் வேலை. கீழே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மணிதான் பேசும். ஒரு மணி அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறது என்று அர்த்தம். வந்த மணியைத் திருப்பி அடித்துச் சொல்லிவிட்டுத்தான் லீவரில் கை வைக்க வேண்டும். இருபத்தாறு வருடம் இப்படியே உட்கார்ந்தவர், காரிலும் மணி இல்லாமல் நகர மாட்டேன் என்றுவிட்டார். பக்கத்து சீட்டில் இருக்கும் ஜெயசீலி கதவுத் தகரத்தில் மூன்று தட்டு தட்ட வேண்டும். அவர் ஸ்டியரிங்கில் மூன்று தட்டு தட்டுவார். அதற்குப் பிறகுதான் துரை வண்டி கிளம்பும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் இதைப் பார்ப்பதற்கென்றே நாலு பேர் நின்று சிரிப்பார்கள்.

ஆக, கல்யாணமாகிப் பத்தொன்பது வருடமாக அந்த வண்டியில் ஜெயசீலிக்கு இரண்டே உத்தியோகம். தட்டுவது, வண்டி நின்றுவிட்டால் இறங்கித் தள்ளுவது.

அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட்டும் பள்ளிக்கூட யூனிஃபாரமும் தைக்கிறவள். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பூதிகோட்டையில் டீச்சராக இருக்கும் தங்கை நேசமணி வீட்டுக்குப் போனால், பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் ஆறே கால் கடைசி பஸ் ஹாரன் அடிக்கும். பாதி வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும். இத்தனைக்கும் வீட்டு வாசலில் ஒரு கார் துணி போர்த்திக்கொண்டு தூங்கும். கேட்டால், "உன் தங்கச்சி ஊர் ரோட்டுக்கு இந்த வண்டி ஒத்துக்காது" என்பார் சாம்ராஜ். கேட்டுக் கேட்டு ஜெயசீலிக்கு அலுத்துவிட்டது. அவளுக்கு வேண்டியதெல்லாம் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போவதற்கு அந்தச் சாவி.

1997ஆம் வருடம் ஈஸ்டர் அன்று கோயில் வளாகத்தில், பாஸ்டர் முன்னாலேயே அது சண்டையாகிவிட்டது. சாம்ராஜ் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இந்த வண்டியிலயே டெஸ்ட்டு குடுத்து இவ லைசென்ஸ் வாங்கிட்டான்னா, சாவிய இவ முந்தானையிலயே முடிஞ்சி உட்டுடறேன். அப்புறம் இவகிட்ட கேட்டுகினுதான் நான் ஏறுவேன். பாஸ்டர் சாட்சி."

பாஸ்டர், 'இது நமக்கெதற்கு' என்கிற முகத்தோடு தலையாட்டினார்.

முதல் டெஸ்டில் ஜெயசீலி மெதுவாக மிதித்தாள். வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. இரண்டாவது டெஸ்டில் ஓங்கி மிதித்தாள். வண்டி பாய்ந்த பாய்ச்சலில் பிரேக் இன்ஸ்பெக்டர் மஞ்சுநாத் தன் கையிலிருந்த எழுதும் அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓரமாகக் குதித்தார். மூன்றாவது டெஸ்ட் வருகிற வெள்ளிக்கிழமை. அந்த வாரத்தோடு எல்.எல்.ஆர். முடிகிறது. திரும்ப எழுதிப் போட்டால் போயிற்று, ஆனால் கோயிலில் சிரிக்கிற நாலு பேர் நாற்பது பேராகிவிடுவார்கள்.  சாம்ராஜ் சாப்பிடும்போதுகூடச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.

திங்கட்கிழமை அவர் ரெண்டாம் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போன கையோடு ஜெயசீலி போர்த்தியிருந்த துணியை உருவினாள். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வந்து ஆக்ஸிலேட்டர் பெடல் மேல் வைத்தாள். பெடல் பாதி வரை கீழே போனது. வண்டியைச் சுற்றி வந்து பானெட்டைத் திறந்து பார்த்தாள். கார்புரேட்டர் பக்கத்தில் இருக்கும் சின்ன லீவர் அசையவே இல்லை. பெடலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு குறுக்குக் கம்பி, ஒரு நீளக் கம்பி, ஒரு எல் வடிவ லீவர், அங்கங்கே மூட்டுகள். பெடல் மூட்டில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டினாள். ஒவ்வொன்றும் ஆடியது. ஒன்று ஒரு நெல்லளவு, இன்னொன்று ஒரு பட்டாணியளவு.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் பொல்லாத கோபம் வந்தது. அவளுடைய தையல் மெஷினில் கால் மிதிப்பதையும் சக்கரத்தையும் சேர்க்கிற கம்பியின் அடியில் இதே மாதிரி ஒரு குண்டு மூட்டு உண்டு. அது தேய்ந்தால் டக் டக் என்று சத்தம் வரும், மிதி வீணாகும். வருடத்துக்கு ஒரு தடவை அதைச் சரிசெய்யாமல் அவள் விட்டதில்லை. இங்கே அஞ்சு மூட்டு அறுபது வருடமாகத் தேய்ந்திருக்கிறது. இவர் அதற்கு வித்தை என்று பேர் வைத்திருக்கிறார்.

பெடலைத் தொடாமல், மற்ற எல்லாவற்றையும் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக்குப் பஸ் ஏறினாள். மார்க்கெட் பின்னால் முனியப்பன் ஒரு லேத் போட்டு வைத்திருந்தான். பாலகாட் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து வெளியே வந்தவன். சாம்ராஜுக்கு ஒரு காலத்தில் ஷிஃப்ட் தோழன். பையைக் கவிழ்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"அண்ணி, இது துரை வண்டி சாமான் ஆச்சே. அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் கூடாது, வெள்ளிக்கிழம வரைக்கும்."

"ஐயோ, என்னக் கொன்னு சொரங்கத்து ஷாஃப்டுல போட்டுடுவாரு. பத்து வருஷம் முன்னாடி நானே சொன்னேன், குடுண்ணா, புஷ்ஷு போட்டுத் தரேன்னு. இன்னா சொன்னாரு தெரியுமா? துரை வெச்ச ஆட்டத்த நீ யார்ரா எடுக்கறதுக்குன்னாரு."

"துரை வெச்சானா? துரை எண்ணெ விடல. இவரும் விடல. அவ்ளோதான். நீ செய்வியா மாட்டியா, தம்பி?"

முனியப்பன் எல் லீவரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். மூட்டைக் கோக்கும் பின் என்கிற ஆணி போகிற ஓட்டை வட்டமாக இல்லை, கோழிமுட்டை வடிவத்தில் இருந்தது. பின்னைப் பார்த்தான். ஒரு பக்கம் மட்டும் பாதி தேய்ந்து இடுப்பொடிந்து கிடந்தது. குண்டு மூட்டின் குண்டு, குண்டாகவே இல்லை. அவனுக்குள் இருந்த ஃபிட்டருக்கு அதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை.

"எல்லா மூட்டுலயும் வாதம்" என்றான். "ஒன்னு ஒன்னா பாத்தா கொஞ்சம்தான் அண்ணி. அஞ்சையும் சேத்தா பெடல் ரெண்டு இஞ்ச் சும்மா போவுது. சரி, குடுங்க. கூலி வேணாம். என் பொஞ்சாதி கங்கம்மாவுக்கு ரெண்டு ஜாக்கெட்டு. பஃப் கை வெச்சி."

மூன்று நாள் வேலை. முட்டை ஓட்டைகளைப் பெரிதாக்கி வட்டமாக்கினான். பழைய பம்ப்பிலிருந்து எடுத்து வைத்திருந்த வெண்கலத் துண்டைக் கடைந்து புஷ் என்கிற வளையங்கள் செய்து, ஒவ்வொரு ஓட்டையிலும் இறுக்கி இறக்கினான். இரும்புக் கம்பியில் புதுப் பின்கள் கடைந்தான். குண்டுகளையும் புதிதாகவே செய்தான். ஜெயசீலி தினமும் மத்தியானம் வந்து ஒவ்வொரு மூட்டையும் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தாள். ஒரு பின்னை மூன்று முறை திருப்பிக் கொடுத்தாள். "இன்னும் டக்குன்றது." மூன்றாவது முறை திருப்பியபோது முனியப்பன், "நீங்க ஒர்க்‌ஷாப்புல ஃபோர்மேனா இருந்திருந்தா நாங்க எல்லாம் முன்னாடியே ராஜினாமா குடுத்திருப்போம்" என்றான்.

புதன்கிழமை காலையில்தான் உயிர் போய் உயிர் வந்தது. காபி குடித்து முடித்த சாம்ராஜ், வழக்கத்துக்கு மாறாக, வண்டியில் ஏறி உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு பெடலை இரண்டு தடவை மிதித்துப் பார்த்தார். பானெட்டுக்குள் பெடலோடு சேர்ந்த ஒரு சாமானும் இல்லை, எல்லாம் முனியப்பன் லேத்தில் கிடக்கிறது. ஜெயசீலி ஜன்னலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெடல் கீழே போனது, ஒன்றும் நடக்கவில்லை. வழக்கமாகவும் ஒன்றும் நடக்காது. சாம்ராஜ் திருப்தியாக இறங்கி வந்து, "வண்டி நல்லாத்தான் கீது. ஓட்றவங்க சரியா இருக்கணும்" என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் முனியப்பன் ரகசியமாக வந்து எல்லாவற்றையும் மாட்டினான். பெடல் பின்னையும் மாற்றினான். தளர்ந்துபோயிருந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுப் புது ஸ்பிரிங் போட்டான். ஸ்டார்ட் செய்துவிட்டு ஜெயசீலியை உட்காரச் சொன்னான். அவள் கால் வைத்தாள். வைத்த மாத்திரத்தில் இன்ஜின் குரலை உயர்த்தியது. எடுத்தாள், தணிந்தது. ஊசியில் நூல் கோக்கிற அளவுக்கு அழுத்தினாலும் அந்த அளவுக்கு மட்டும் கேட்டது. ஜெயசீலிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருடம் இந்த வண்டி தன்னை மதிக்கவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

முனியப்பன் துணியில் கை துடைத்துக்கொண்டே சொன்னான்: "அண்ணி, ஒன்னு சொல்றேன். நாளைக்கி டெஸ்ட்டு கிரவுண்டு வரைக்கும் அண்ணன்தானே ஓட்டுவாரு? அவர் கால் பழைய கால். ஓங்கி ஒன்னு வெச்சாருன்னா வண்டி பங்காரப்பேட்டையிலதான் போய் நிக்கும். சொல்லிடுங்க."

ராத்திரி அவர் வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. கழற்று என்பார். துரை என்பார். பழையதை மாட்டச் சொல்லி முனியப்பன் வீட்டு வாசலில் போய் நிற்பார். வெள்ளிக்கிழமை போய்விடும். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிப் படுத்தாள். அது தப்பு என்று அவளுக்கே தெரியும்.

காலையில் சாம்ராஜ் இஸ்திரி போட்ட சட்டையோடு டிரைவர் சீட்டில் ஏறினார். லைனில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"இன்னாங்க, கிரவுண்டு வரைக்கும் நானே ஓட்டறேனே."

"லைசென்ஸ் வாங்கிகினு ஓட்டு."

"அப்ப ஒன்னு கேளுங்க. பெடல லேசா மிதிங்க. ஸ்பிரிங்கு மாத்தியிருக்கேன். ரொம்ப லேசா."

சாம்ராஜ் வாசலில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களாடா? எனக்கே மிதிக்கக் கத்துத் தராங்க. தட்டு, தட்டு."

ஜெயசீலிக்குக் கை வரவில்லை. பிறகு தட்டினாள், மூன்று. அவர் மூன்று தட்டினார். செருப்பைக் கழற்றினார். கிளட்ச்சை விட்டுக்கொண்டே, இருபது வருடப் பழக்கத்தில், ஓங்கி மிதித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை லைனில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். வண்டி கத்திக்கொண்டு கிளம்பியது. கட்டைவிரலால் தூக்கலாம் என்று போன சாம்ராஜின் கால், புது ஸ்பிரிங்கின் வேகத்தில் தடுமாறி, பெடலுக்கும் பக்கத் தகரத்துக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. பயத்தில் இன்னும் அழுத்தினார். குழாயடியில் இருந்த குடங்கள் சிதறின, பெண்கள் அலறினார்கள், ஒரு கோழி பறந்தது. வண்டி ரோட்டைக் குறுக்கே தாண்டி, எதிரே இருந்த சயனைடு மேட்டில் ஏறத் தொடங்கியது. சயனைடு போட்டுப் பொன்னை எடுத்துவிட்டுக் கொட்டிய சக்கை மண் மலையாகக் குவிந்த மேடு அது. அந்தப் பக்கம் இறங்கினால் மழைத்தண்ணீர் அறுத்த பள்ளம், இருபது அடி. ஜெயசீலி கத்தினாள். "நிறுத்துங்க! காலை எடுங்க! ஏங்க!" சாம்ராஜின் காதில் ஒன்றும் விழவில்லை. வாய் திறந்தபடி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தார்.

ஜெயசீலி கையை ஓங்கிக் கதவுத் தகரத்தில் தட்டினாள். ஒரே ஒரு தட்டு.

சாம்ராஜின் முகம் மாறவில்லை, வாயும் மூடவில்லை. ஆனால் கால் தானாக விடுபட்டு எழுந்தது, இன்னொரு கால் பிரேக்கில் இறங்கியது, கை ஹேண்ட்பிரேக்கை இழுத்தது. வண்டி மேட்டின் உச்சிக்கு ஒரு ஆள் உயரம் கீழே, மூக்கை வானத்தில் வைத்துக்கொண்டு நின்றது. வெள்ளை மண் மெல்ல வந்து இருவர் மேலும் படிந்தது.

 பிறகு ஜெயசீலி எல்லாவற்றையும் சொன்னாள். அஞ்சு மூட்டு, கோழிமுட்டை ஓட்டை, முனியப்பன், பஃப் கை, ஒன்று விடாமல். "நேத்தே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு. உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்?" என்று அழுதாள்.

சாம்ராஜ் பெடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் இத்தன வருஷம் ஓட்டுனது இன்னாது?" என்றார். "வெறும் தேய்மானமா?"

அவர் குரலைக் கேட்க ஜெயசீலிக்குப் பாவமாக இருந்தது. ஆனால் மணி ஒன்பது தாண்டிவிட்டது, டெஸ்ட்டுக்கு நேரமாகிறது.

"அவ்ளோ ஆட்டத்த வெச்சிகினு ஆள் மேல ஏத்தாம ஓட்னீங்களே, அது வித்தைதாங்க. யாருக்கும் வராது. ஆனா எனக்கு வித்தை வேணாம். வண்டிதான் வேணும்."

அவர் கதவைத் திறந்து இறங்கினார். வீட்டுக்குத்தான் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் மண்ணில் கால் புதைய வண்டியைச் சுற்றி நடந்து, பின்சக்கரம் புதைந்திருந்த இடத்தில் குனிந்து கையாலேயே மண்ணை வாரித் தள்ளினார். கீழே பார்த்து, கூட்டத்தை விலகச் சொன்னார். ஜெயசீலி டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். வெறுங்காலோடு நின்ற வைண்டிங் டிரைவர் வண்டியின் பின்பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். இறக்கு.

ஜெயசீலி ஸ்டியரிங்கில் இரண்டு தட்டு தட்டினாள். ரிவர்ஸ் போட்டு, நூல் நூலாக மிதித்தாள். பழைய மூட்டுகளாக இருந்திருந்தால் சக்கரம் சுழன்று மண்ணுக்குள் குழிதோண்டியிருக்கும். வண்டி அசைந்தது, எழுந்தது, பிரேக்கின் பிடியில் சொன்ன இடத்திலெல்லாம் நின்று நின்று பின்னால் இறங்கியது. அவர் கூடவே நடந்து, ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று தட்டிக்கொண்டே வந்தார். ரோட்டைத் தொட்டதும் ஒரு தட்டு. லைன் முழுக்கக் கைதட்டியது.

கிரவுண்டில் மஞ்சுநாத் வெள்ளை மண் படிந்த வண்டியைப் பார்த்ததும் நாலு அடி பின்னால் போய் நின்றுகொண்டார். "ஏனம்மா இது, காரா, ரவா மூட்டையா? நிதானமா போவணும், ஆய்த்தா? நான் மரத்துக்குப் பின்னாடி இருந்தே பாக்கறேன்." ஜெயசீலி எட்டுப் போட்டாள். சரிவில் நிறுத்தி, பின்னால் ஒரு விரற்கடையும் வழுக்காமல் கிளப்பினாள். மூன்றாவது சுற்றில் இன்ஸ்பெக்டர் மரத்தைவிட்டு வெளியே வந்தார். "சாக்கும்மா, சாக்கு" என்று கன்னடத்தில் போதுமென்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். சாம்ராஜ் சாவியை ஜெயசீலியின் முந்தானை நுனியில் முடிச்சுப் போட்டார். பாஸ்டர் இல்லாத குறைக்கு இன்ஸ்பெக்டரே சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்காவும் தங்கையும் பூதிகோட்டை வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சாம்ராஜும் வந்திருந்தார், கேட்டுக்கொண்டுதான் ஏறியிருந்தார். போரடித்துப் போய் வெளியே வண்டி பக்கத்தில் நின்றார். ஆறே காலுக்குக் கடைசி பஸ் ஹாரன் அடித்தது. நேசமணி பழக்கத்தில் பதறி எழுந்து, "அக்கா, பஸ்ஸு!" என்றாள்.

"போவட்டும். அப்புறம் அந்த ஹெட்மாஸ்டர் இன்னா சொன்னான்? அதச் சொல்லு."

பஸ் போனது. கொஞ்ச நேரத்தில் வெளியிலிருந்து கதவுத் தகரத்தில் மூன்று தட்டு கேட்டது. ஆள் ஏறலாம். நேசமணி அக்காவைப் பார்த்தாள். மறுபடியும் மூன்று தட்டு, இந்தத் தடவை கொஞ்சம் கெஞ்சலாக.

ஜெயசீலி காபியின் கடைசி வாயைக் குடித்தாள். காலி டம்ளரை எடுத்து ஜன்னல் கம்பியில் ஒரே ஒரு தட்டு தட்டினாள்.

வெளியே சத்தம் நின்றது.